என் அம்மாவும் அம்மாவின் அம்மாவும்

(எங்கள் தில்லிக் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தரப்பட்டது.)



'தாயின் பெருமை' என்ற தலைப்பில் இருபது நிமிஷம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் என்னிடம் சொன்னபோது முதலில் தயங்கினேன். நான் பௌராணிகன் அல்ல. இயற்பியலில் பி.எஸ்ஸி. படித்தவன். முப்பத்தொன்பது வருஷம் மத்திய அரசில் கோப்புகளில் குறிப்பு எழுதிவிட்டு 2009ல் ஓய்வு பெற்றேன். கோப்பில் குறிப்பு எழுதுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. முதலில் விவரம், அடுத்து விதி, கடைசியில் யோசனை. எனக்குத் தெரிந்த அந்த முறையிலேயே இன்றைக்கும் பேசப் போகிறேன். நடுவில் குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது என் அம்மா பிறந்த நூறாவது வருஷம். 1925ல் பிறந்தாள். 2011ல் எண்பத்தாறு வயதில், இதே தில்லியில், என் மடியில் தலை வைத்தபடி காலமானாள். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பாட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் பாட்டி என்று சொல்வது அம்மாவைப் பெற்றவளை.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே காவிரிக் கரையில் ஓர் அக்ரஹாரம். பாட்டி அங்கே 1904ல் பிறந்தாள். பத்து வயதில் கல்யாணம். இருபத்தொரு வயதில் என் அம்மா பிறந்தாள். இருபத்து நாலு வயதில், 1928ல், தாத்தா விஷ ஜுரத்தில் போய்விட்டார். பத்தாம் நாள் என்ன நடந்தது என்பதை இங்குள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். தலையை மழித்தார்கள். ரவிக்கை போயிற்று. நகை போயிற்று. நார்மடிப் புடவையும் முக்காடும் வந்தன. மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு, ராத்திரி பலகாரம், ஏகாதசியன்று அதுவும் கிடையாது. மாதம் ஒருமுறை நாவிதர் கொல்லை வழியாக வருவார். மூன்று வயதுக் குழந்தையான என் அம்மா, தன் தாயாரின் புதுக் கோலத்தைப் பார்த்துப் பயந்து, இரண்டு நாள் கிட்டே போகவில்லையாம். இதை அம்மாவே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு எழுபது வயதுக்கு மேல். அப்போதும் கண் கலங்கினாள்.

தாத்தாவின் குடும்பம் பிரியாத கூட்டுக் குடும்பம். அன்றிருந்த சட்டப்படி பாட்டிக்கு ஜீவனாம்சம் தவிர வேறு உரிமை இல்லை. விதவைக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சொன்ன சட்டம் 1937ல்தான் வந்தது. அதுவும் அதற்குப் பிறகு இறந்தவர்களின் விஷயத்தில்தான் செல்லும். ஆகவே பாட்டி குழந்தையோடு அண்ணா ஆத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்த வீட்டில் பதினைந்து பேருக்குச் சமையல் அவள் கையில். அண்ணா நல்லவர். பெண்கள் எழுத்துக் கற்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பாட்டி அவர் படித்துப் போட்ட 'சுதேசமித்திர'னை அடுப்படியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அப்படிப் படித்ததில்தான் மதராஸில் சகோதரி சுப்புலட்சுமி என்று ஒருவர் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவரும் நம்மவர்தான். 1886ல் மயிலாப்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே கணவனை இழந்து, தகப்பனார் துணையோடு படித்து, 1911ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றவர். இளம் விதவைகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வைத்தார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர்களுக்கு விடுதி நடந்தது. அங்கே படித்த பலர் ஆசிரியைகள் ஆனார்கள். பாட்டி ஒரு நாள் தைரியம் பண்ணி, "என்னை அங்கே அனுப்பறேளா?" என்று அண்ணாவைக் கேட்டிருக்கிறாள். "ஊர் என்ன சொல்லும்?" என்றாராம் அண்ணா. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

தனக்காகக் கேட்காதவள், மகளுக்காக விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பதினாலு வயது ஆகும்வரை கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1929ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. நடுவில் இருந்த ஆறு மாதத்தில் நாடு முழுவதும் அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. சட்டம் வந்த பிறகும் சிலர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் போய் நடத்தி வந்தார்கள். எங்கள் ஆத்திலும் அந்தப் பேச்சு வந்தது. அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. தூரத்து உறவில் பையன் பார்த்தாகிவிட்டது. தேதி முடிவாகும் சமயத்தில் பாட்டி சாப்பாட்டை நிறுத்தினாள். ஒரு வேளை சாப்பிடுகிறவள், எல்லோரும் சாப்பிட்டான பின் தனியாகச் சாப்பிடுகிறவள். அவள் சாப்பிடவில்லை என்பதே முதல் நாள் யாருக்கும் தெரியவில்லையாம். மூன்றாம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. அண்ணா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். பதினாறு வயதில்தான் கல்யாணம்.

அந்தக் கல்யாணம் 1941ல். யுத்த காலம். தில்லி ஆபீஸ்களில் ஏராளமாக ஆள் எடுத்தார்கள். என் அப்பாவும் அதில் ஒரு குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். மாமாவும் மாமியும் மனையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்து கொடுத்தார்கள். பெற்றவள் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையைச் சுவரைப் பார்த்துப் போட்டாளாம். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடி வருவேன்.

1952ல் பாட்டியின் அண்ணா காலமானார். அம்மா அப்பாவிடம், "என் அம்மாவை அழைச்சுண்டு வந்துடுங்கோ" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாளாம். அப்பா அந்த வாரமே லீவு போட்டுக் கிளம்பினார். மாமியாரை அழைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் திரும்பி வந்தார். இரண்டு ராத்திரிப் பயணம். பாட்டி வாழைப்பழமும் கூஜாத் தண்ணீருமாக வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது மூன்று வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து லோதி காலனி குவார்ட்டர்ஸில் சமையலறை பாட்டியுடையது, மற்றதெல்லாம் அம்மாவுடையது.

தில்லி அந்த நாளில் ஒரு கலவை. பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களைச் சுற்றிலும் இருந்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ராவல்பிண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரியவளை நாங்கள் பீஜி என்று கூப்பிடுவோம். 1947 கலவரத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். பாட்டிக்கு ஹிந்தி தெரியாது, பீஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குளிர்கால வெயிலில் இரண்டு பேரும் வாசல் புல்தரையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி பட்டாணி உரிப்பாள், ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள்.

ஒரு நாள் பாட்டி அம்மாவைக் கூப்பிட்டு, "இவ ஆத்துக்காரர் போயிட்டார்ங்கறே. தலையிலே முடி இருக்கே. அவா மனுஷா ஒண்ணும் சொல்லலையான்னு கேளு" என்றாள். அம்மா தயங்கித் தயங்கி ஹிந்தியில் கேட்டாள். பீஜிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பாட்டியின் முக்காட்டைப் பார்த்தாள். "ஆள் போனது போதாதா?" என்று மட்டும் சொன்னாள். அம்மா மொழிபெயர்த்துச் சொன்னாள். பாட்டி பதில் பேசவில்லை. உரித்த பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தில்லிக் குளிர் உங்களுக்குத் தெரியும். மழித்த தலைக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று நான் சிறு வயதில் யோசித்ததில்லை. அம்மா யோசித்தாள். பீஜியிடம் பின்னல் கற்றுக்கொண்டு காவி நிறக் கம்பளியில் ஒரு குல்லாய் பின்னினாள். மடிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பயந்துகொண்டே கொடுத்தாள். "கம்பளிக்கு ஏதுடீ விழுப்பு?" என்று பாட்டி உடனே வாங்கிப் போட்டுக்கொண்டாள். முக்காட்டுக்குள் அந்தக் குல்லாயோடு அவள் ஜபம் செய்வது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கரோல் பாகிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு நாவிதர் வருவார். அன்றைக்கு எங்களை விளையாட அனுப்பிவிடுவார்கள். ஏழு வயதிருக்கும், ஒரு நாள் பந்தை எடுக்க நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். பின் வராந்தாவில் பாட்டி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் ஓசைப்படாமல் ஓடிவிட்டேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது 1969க்கு வருகிறேன். அந்த நவம்பரில் ஒரு காலை அப்பா ஆபீஸுக்குப் போனார். மத்தியானம் மாரடைப்பு என்று செய்தி வந்தது. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்மாவுக்கு நாற்பத்து நாலு. நான் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். தங்கைக்குப் பதினைந்து வயது.

உறவினர்கள் வந்தார்கள். அப்பாவின் அத்தை ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார். அவரும் பாட்டியைப் போலவே இளம் வயதில் அந்தக் கோலத்துக்கு ஆளானவர். அவர் கெட்டவர் இல்லை. தனக்கு நடந்ததுதான் தர்மம் என்று நம்பியே வாழ்நாளைக் கழித்தவர். ஒன்பதாம் நாள் மாலை பேச்சை ஆரம்பித்தார். "காலம் மாறிடுத்துன்னு எல்லாரும் சொல்றா. ஆனா ஒண்ணு. சகேசி கையாலே திவசச் சமையல் கூடாது. பித்ருக்கள் ஏத்துக்க மாட்டா. நாளைக்கு இந்தப் பிள்ளை தகப்பனுக்குத் திவசம் பண்ணினா யார் சமைப்பா?" என்று கேட்டார். சகேசி என்றால் தலைமுடி எடுக்காத விதவை. இளைஞர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கர்த்தா நான்தானே. கல்லூரியில் நான் பகுத்தறிவு பேசுகிறவன். கிரகணத்தன்று வேண்டுமென்றே சாப்பிட்டுப் பாட்டியிடம் வாக்குவாதம் செய்தவன். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவுக்கு ஏதாவது குறை வந்துவிடுமோ என்ற ஒரு பயம் தொண்டையை அடைத்தது. அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நீளமான பின்னல் முதுகில் கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பாட்டி சமையலறை வாசலுக்கு வந்தாள். சம்பந்தி மனுஷர்கள் எதிரில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "திவசத்துக்குச் சமைக்க மொட்டைத் தலைதானே வேணும்? இதோ இருக்கே. மாப்பிள்ளைக்கு நான் சமைக்கறேன். என் பொண்ணு தலையிலே யாரும் கை வைக்கப்படாது" என்றாள்.

"உங்களுக்கு எழுபது வயசு ஆகப்போறது. எத்தனை நாளைக்கு?" என்று அத்தை கேட்டார்.

"இவனுக்குக் கல்யாணம் ஆகி பொண்டாட்டி வரவரைக்கும். அதுவரைக்கும் நான் சாகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். சாஸ்திரத்தை மறுத்து ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அத்தை கேட்ட கேள்விக்கு அத்தையின் வழியிலேயே பதில் சொல்லிவிட்டாள். யாராலும் மேலே பேச முடியவில்லை. பத்தாம் நாள் அம்மாவுக்குத் தாலி போயிற்று, பூவும் குங்குமமும் போயின. தலை தப்பியது. கலர்ப் புடவையும் தப்பியது.

சகோதரி சுப்புலட்சுமி காலமானதும் அதே 1969ல்தான். பாட்டி பேப்பரில் பார்த்துவிட்டு அன்று முழுவதும் மௌனமாக இருந்தாள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கரோல் பாகில் ஒரு மொட்டை மாடி பர்சாத்திக்குப் போனோம். 1964ல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம் இருந்ததால் அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை வந்தது. என் தாய்க்குச் சோறு போட்ட அந்த விதிகளை நான் பின்னால் உத்தியோகத்தில் இருந்தபோது மறக்கவே இல்லை. குடும்ப ஓய்வூதியக் கோப்பு எதுவும் என் மேஜையில் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பட்ட கடனுக்காகச் சொல்கிறேன்.

ஓய்வூதியம் போதாது. அம்மா ரவிக்கை தைத்தாள், புடவைக்கு ஃபால்ஸ் வைத்தாள், அப்பளமும் வடாமும் இட்டு விற்றாள். உடனே குமாஸ்தா வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "டிகிரியை முடி. ஆறு மாசம் நான் பார்த்துக்கறேன்" என்றாள். முடித்தேன். மேலே எம்.எஸ்ஸி. படிக்க ஆசை இருந்தது. அதை விட்டுவிட்டு 1970ல் வேலையில் சேர்ந்தேன். தங்கையை எம்.ஏ. வரை அம்மா படிக்க வைத்தாள்.

இந்த வருஷங்களில் அப்பாவின் திவசம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் மாஸிகங்கள். பிறகு 1970லிருந்து 1974 வரை ஐந்து ச்ராத்தங்கள். எல்லாவற்றுக்கும் பாட்டிதான். மாடிக்கு இரண்டு கட்டு படிக்கட்டு. தண்ணீர் விடிகாலையில்தான் வரும். அறுபத்தாறு, அறுபத்தேழு வயதுக்காரி நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்து, ஈரப் புடவையோடு விறைத்துக்கொண்டு நின்று அடுப்பு மூட்டுவாள். எள்ளுருண்டை, அதிரசம், பிரண்டைத் துவையல், ஊரில் எப்படியோ அப்படியே. ஒரு பதார்த்தம் குறைந்ததில்லை. அம்மா உதவிக்கு வந்தால், "நீ தள்ளி நில்லு. அப்புறம் யாராவது ஏதாவது சொல்லுவா" என்பாள். மாதம் ஒருமுறை அந்த நாவிதரும் வந்துகொண்டுதான் இருந்தார்.

1975 ஜூன் மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த வருஷத் திவசத்துக்கு என் மனைவி சமைத்தாள். பாட்டி மனையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த மாதம் நாவிதர் வந்தபோது பாட்டி அவருக்கு ஐந்து ரூபாயும் ஒரு வேஷ்டியும் கொடுத்து, "இனிமே வரவேண்டாம்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எழுபத்தொரு வயதில், நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, பாட்டியின் தலையில் முடி வளர்ந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அவளை வெயிலில் உட்கார வைத்து எண்ணெய் தடவி வாரிவிடுவாள். முடிவதற்கு நீளம் போதாது. ஆனாலும் அம்மா வாரிக்கொண்டே இருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். 1978ல் பாட்டி போனபோது அவள் தலையில் நாலு விரல்கடை முடி இருந்தது. கம்பளிக் குல்லாயை அம்மா தன் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பல வருஷங்கள் கழித்து, 2010ல், அம்மா படுக்கையோடு இருந்த சமயம், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் வாயே திறக்கலையே. உனக்கு என் மேலே கோபம் இல்லையா?"

அம்மா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தாள். "கொஞ்சம் இருந்தது. அப்புறம் போயிடுத்து" என்றாள். பிறகு, "கேட்டியேன்னு சொல்றேன். குவார்ட்டர்ஸ்ல இருக்கறச்சேயே அம்மாகிட்ட சொல்லிண்டிருந்தேன், இந்த ஊர்ல யார் கேக்கப் போறா, முடியை வளத்துக்கோன்னு. அந்தப் பொங்கலோட நிறுத்திடறேன்னு அவளும் சொல்லியிருந்தா. நடுவிலே உங்க அப்பா போயிட்டார். அப்புறம் கேட்டப்போ, 'இப்போ வளத்துண்டா மாப்பிள்ளை திவசத்துக்கு யார் சமைப்பா?'ன்னுட்டா" என்றாள்.

நான் அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். 'என் அப்பாவுக்கு என் அம்மாவே சமைக்கட்டும், எனக்குச் சம்மதம்' என்று கர்த்தா சொல்லியிருந்தால் யார் மறுத்திருக்க முடியும்? நான் சொல்லவில்லை. அதற்கான விலையைப் பாட்டி ஐந்து வருஷத்துக்கும் மேலாக, மாதாமாதம், பின் வராந்தாவில் குனிந்து உட்கார்ந்து கொடுத்தாள். என்னிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. பள்ளிக்கூடமே போகாதவள் அவள். நான் விஞ்ஞானப் பட்டதாரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஒரு வருஷம் என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. அந்த வருஷத் திவசத்துக்கு அம்மாதான் சமைத்தாள், தலைமுடியோடு. போஜனத்துக்கு இருந்த பிராமணர்கள் வழக்கம் போல் திருப்தி என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

இதுவரை விவரம். விதியைப் பற்றி ஒரு வார்த்தை. விதவா விவாகச் சட்டம் 1856ல் வந்தது. 1937ல் சொத்துரிமை, 1956ல் வாரிசுரிமைச் சட்டம். 1969ல் என் அம்மா அப்பாவின் சட்டப்படியான முதல் வாரிசுகளில் ஒருத்தி. ஆனாலும் ஒன்பதாம் நாள் மாலை எங்கள் கூடத்துக்குள் அந்தச் சட்டம் எதுவும் வரவில்லை. சமையலறை வாசலில் ஒரு கிழவி வந்து நிற்க வேண்டியிருந்தது.

தலையை மழிக்கும் வழக்கம் நம்மிடம் ஒழிந்துவிட்டது. அதனால் இதெல்லாம் பழங்கதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் எண்ணம், போன வருஷம் வரை.

என் தங்கையின் கணவர் 2021ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமானார். 2024ல் என் பெண் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம். அந்தக் குழந்தையை வளர்த்ததில் பாதி என் தங்கைதான். அத்தைப்பாட்டி, அத்தைப்பாட்டி என்று அவள் பின்னாலேயே சுற்றும். மாலை மாற்றி ஊஞ்சலில் உட்கார்ந்தாயிற்று. பாலும் பழமும் கொடுக்க, பச்சைப்பிடி சுற்றச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். தங்கையைக் காணவில்லை. யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. அவளாகவே போய்விட்டாள். தேடிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்பக்கம், சாமான் அறையில், தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எம்.ஏ. படித்தவள், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள்.

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. 1941ல் அரிசி மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி.

"எழுந்திரு, வா" என்றேன்.

"வேண்டாம் அண்ணா. நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவா" என்றாள்.

"சொன்னா நான் பதில் சொல்லிக்கறேன்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஊஞ்சல் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரியவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சிறு வயசுக்காரர். "மாமா, ஊஞ்சல் லௌகிகம். இதுக்கு மந்திரம் ஒண்ணும் கிடையாது. உங்காத்து வழக்கம், நீங்க பார்த்துக்கோங்கோ" என்றார். தங்கை பாலைக் கொடுத்தாள். கை நடுங்கிக் கொஞ்சம் பட்டுப்புடவையில் சிந்தியது. பேத்தி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பேத்தியும் மாப்பிள்ளையும் பெங்களூரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஆனால் அதை நான் அத்தாட்சியாகச் சொல்லமாட்டேன். அவர்கள் நன்றாக இருப்பதற்குத் தங்கை கொடுத்த பால் காரணமல்ல. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தாலும் அதற்கும் அது காரணமாகாது. விஞ்ஞானம் படித்தவன் இந்த ஒரு வாக்கியத்தையாவது சபையில் உரக்கச் சொல்ல வேண்டும். 1969ல் சொல்லியிருக்க வேண்டியதை ஐம்பத்தைந்து வருஷம் தாமதமாகச் சொன்னேன்.

கடைசியாக யோசனை. மூன்றே மூன்று.

ஒன்று: உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், வளைகாப்பில், பூணூலில் கணவனை இழந்த உங்கள் அம்மாவையோ அக்காவையோ அத்தையையோ முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், 'நீ மேடைக்கு வரணும்' என்று. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவர்கள் தாங்களாகவே சாமான் அறைக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு: நம் சங்கத்தின் நவராத்திரித் தாம்பூலத்தில் இந்த வருஷம் முதல் எந்த வித்தியாசமும் பார்க்க வேண்டாம். வருகிற எல்லாப் பெண்மணிகளுக்கும் மஞ்சள், குங்குமம், பூ கொடுப்போம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் இஷ்டம். கொடுக்கும் கை தயங்கக் கூடாது. இதைச் செயற்குழுவுக்கு எழுத்து மூலமாகவும் தந்திருக்கிறேன். பழைய உத்தியோகஸ்தன், எழுத்தில் தராமல் இருக்க முடியவில்லை.

மூன்று: யாராவது ஒருத்தர் பேச வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தால், பேசிவிடுங்கள். வயசில் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று பார்க்க வேண்டாம். நீங்கள் பேசாமல் இருந்தால் வேறு யாரோ அதற்கு ஈடு கட்ட வேண்டியிருக்கும். அநேகமாக அது வீட்டில் இருக்கிறவர்களிலேயே அதிகம் பட்டவளாக இருப்பாள்.

அமாவாசைதோறும் தர்ப்பணத்தில் அம்மாவின் பேரையும், அப்புறம் மாதாமஹி என்று பாட்டியின் பேரையும் சொல்லி எள்ளும் ஜலமும் விடுகிறேன். அம்மாவின் பெட்டியிலிருந்த காவிக் கம்பளிக் குல்லாய் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பூச்சி அரித்து இரண்டு ஓட்டை விழுந்துவிட்டது. குளிர்காலம் வந்தால் எடுத்து வெயிலில் போடுகிறேன்.

 இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் அத்தனை பேருக்கும், முன் வரிசையில் இருப்பவர்களுக்கும், பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கும், என் நமஸ்காரம்.